மாற்றினால் தமிழ் தெரியுமா?

(இணையவழி நேரலை அமர்வில் ஆக்லாந்திலிருந்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆக்லாந்தில் இப்போது இரவு ஒன்பது மணி. வெளியே மழை. சென்னையில் மதியம் இரண்டரை, லண்டனில் காலை பத்து, டொராண்டோவில் விடியற்காலை ஐந்து. அந்த ஐந்து மணிக்காரர்களுக்குத் தனி வணக்கம். இரவுப் பணி பார்க்கிறவள் என்பதால் அந்த நேரத்தில் கண்ணைத் திறந்து வைத்திருப்பதன் அருமை எனக்குத் தெரியும்.

இலக்கிய அமர்வில் பிரவுசரைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் ஒருங்கிணைப்பாளர் இரண்டு முறை கேட்டார், "உறுதியாகத்தானா?" என்று. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். போன அமர்வு முடிந்து எல்லோரும் கிளம்பிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் ஒலிவாங்கியைத் திறந்து ஒரு கேள்வி கேட்டார். "மகன் பிரவுசரை மாற்றச் சொல்கிறான். இப்போது இருக்கிறது பாதுகாப்பு இல்லையாம். மாற்றினால் தமிழ் தெரியுமாம்மா?"

சிலர் சிரித்துவிட்டார்கள். இன்று எந்த உலாவியில் திறந்தாலும் தமிழ் தெரியும், கைப்பேசியிலும் தெரியும். சிரித்தவர்கள் இளைஞர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது இருபது வருடத்துக்கு முந்தைய கேள்வி. ஒரு காலத்தில் கடல் கடந்து வாழ்ந்த தமிழர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி. அந்தக் கேள்விக்கு நான் ஒரு தடவை தப்பான பதிலைத் தேர்ந்தெடுத்தேன். அதற்கான விலையை வேறொருவர் கொடுத்தார். இன்று அதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

நான் கணினி படித்தவள் இல்லை. நர்ஸிங் டிப்ளமா படித்தவள். பயன்படுத்துகிறவளாக எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

2004-ஆம் ஆண்டு. வளைகுடாவில் ஒரு நகரம். நர்ஸுகளின் விடுதியில் ஒரு தளத்தில் நாங்கள் பதினொரு பேர். குமரி மாவட்டத்திலிருந்து நானும் இன்னொருத்தியும், மதுரைப் பக்கத்திலிருந்து ஒருத்தி, மற்ற எட்டுப் பேரும் மலையாளிகள். ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு ஒரு பழைய கணினி வாங்கி நடைபாதையின் மூலையில் வைத்திருந்தோம். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம். யாருக்கு எத்தனை மணிக்கு என்று அதில் எழுதி வைப்போம். ஆளுக்கு அரை மணி நேரம். அந்த அரை மணியில் வீட்டுக்கு மின்னஞ்சல், குழந்தையின் புகைப்படம், அயர்லாந்து வேலைக்கான விண்ணப்பம் எல்லாம் முடியவேண்டும். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. என் அரை மணி முழுவதும் தமிழ் படிப்பதற்கு.

அப்போது இணையத்தில் தமிழ் படிப்பது எப்படி இருந்தது என்று இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டும். யூனிகோடு வந்துவிட்டது, ஆனால் பரவவில்லை. ஒவ்வொரு நாளிதழும் வார இதழும் தனக்கென்று ஓர் எழுத்துரு வைத்திருந்தன. டிஸ்கி என்று ஒரு குறியாக்கம், டாப், டாம் என்று இன்னும் இரண்டு. எழுத்துருக் குழப்பத்தைத் தீர்க்க 1999 பிப்ரவரியில் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு நடந்து, தமிழ்நாடு அரசு தரப்படுத்தியது. தமிழ்99 விசைப்பலகை அங்கே பிறந்ததுதான். ஆனாலும் இதழ்கள் அவரவர் வழியிலேயே போய்க்கொண்டிருந்தன.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அந்த எழுத்துருக்கள் எல்லாம் ஐரோப்பிய எழுத்துகள் உட்காரவேண்டிய இருக்கைகளில் தமிழ் எழுத்தை உட்கார வைத்தவை. எழுத்துரு இருந்தால் தமிழ். இல்லாவிட்டால் தலையில் கொம்பும் காலில் வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளின் கூட்டம். வாசகர் எழுத்துருவை இறக்கி நிறுவ வேண்டியதில்லாமல், பக்கத்தோடு சேர்த்தே அதை அனுப்பிவைக்கும் ஒரு வழி வந்தது. டைனமிக் ஃபான்ட் என்பார்கள். நெட்ஸ்கேப்புக்கு ஒரு முறை, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு வேறொரு முறை. நெட்ஸ்கேப் நலிந்து போனபின் மிஞ்சியது ஒன்றுதான். விண்டோஸோடு கூடவே வந்த அந்த நீல 'இ'யை அழுத்தினால் தமிழ் தெரியும். வேறு உலாவியில் திறந்தால் கொம்பும் வாலும்.

அதாவது, உலகத்தில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் அந்த உலாவியைப் பயன்படுத்தியது அது கணினியிலேயே இருந்ததால். நம்மில் பலர் அதைவிட்டு நகராததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. நம் தமிழ் அதற்குள் இருந்தது.

அதே 2004 ஜூன் மாதம்தான் ஒரு பெரிய எச்சரிக்கை வந்தது. டவுன்லோடு.ஜெக்ட் என்று அந்தத் தாக்குதலுக்குப் பெயர். நம்பகமான இணையதளங்கள் சிலவற்றின் சர்வர்களுக்குள்ளேயே கெட்ட நிரலை நுழைத்துவிட்டார்கள். அந்தத் தளத்தை எக்ஸ்ப்ளோரரில் திறந்தாலே போதும், விசைப்பலகையில் தட்டுவதைத் திருடும் நிரல் கணினிக்குள் வந்து உட்கார்ந்துவிடும். அமெரிக்க அரசின் கணினி அவசர உதவி அமைப்பு அப்போது சொன்ன தற்காப்பு வழிகளில் ஒன்று, வேறு உலாவியைப் பயன்படுத்துவது. ஓர் அரசு அமைப்பே அப்படிச் சொன்னது பெரிய செய்தியானது. எக்ஸ்ப்ளோரரின் ஆறாம் பதிப்பு வந்தது 2001-இல். ஏழாம் பதிப்பு வந்தது 2006 அக்டோபரில். நடுவில் ஐந்து வருடம். அந்த ஐந்து வருடத்தில் திருடர்கள் தூங்கவில்லை.

2004 நவம்பர் 9-ஆம் தேதி ஃபயர்பாக்ஸின் முதல் பதிப்பு வந்தது. தமிழில் அதற்கு 'நெருப்புநரி' என்று செல்லப்பெயர்கூட வைத்தார்கள். டிசம்பரில் நியூயார்க் டைம்ஸில் இரண்டு பக்க விளம்பரம், அதில் காசு கொடுத்த ஆதரவாளர்களின் பெயர்கள் ஆயிரக்கணக்கில். உலகம் மாறிக்கொண்டிருந்தது. எங்கள் விடுதியிலும் ஐ.டி.யில் தம்பி இருந்த ஒரு தோழி, "இதைப் போடு, அதை எடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். போட்டுப் பார்த்தேன். நான் வாரம் தவறாமல் படித்துக்கொண்டிருந்த தொடர்கதை கொம்பும் வாலுமாக வந்து நின்றது. யூனிகோடில் எழுதிய வலைப்பதிவுகளாவது தெரியுமா என்றால், பத்தியின் இரண்டு ஓரமும் சமமாக இருக்கும்படி அமைத்திருந்தால் அங்கேயும் எழுத்து உடைந்தது. 'கொ' என்று எழுதியிருந்தால் கொம்பு ஓரிடம், க ஓரிடம், கால் ஓரிடம். 2008 ஜூனில் மூன்றாம் பதிப்பு வரும்வரை அந்தத் தொல்லை இருந்தது. பழைய எழுத்துருக்களை யூனிகோடாக மாற்றிக் காட்ட 'பத்மா' என்றொரு நீட்சி ஃபயர்பாக்ஸுக்கு வந்தது. சுரதாவின் 'பொங்குதமிழ்' மாற்றியில் ஒட்டி மாற்றிப் படித்தவர்களும் உண்டு. இவையெல்லாம் யாரோ சிலர் தங்கள் உறக்கத்தைக் கெடுத்துச் செய்துகொடுத்த வேலை. ஆனால் அரை மணி நேரம் மட்டும் உள்ள ஒரு நர்ஸுக்கு இதெல்லாம் தெரியாது. நான் ஃபயர்பாக்ஸை மூடிவிட்டுப் பழையதற்கே திரும்பிவிட்டேன். எங்கள் மலையாளத் தோழிகளும் அப்படித்தான். அவர்களுடைய பத்திரிகைகளுக்கும் தனித்தனி எழுத்துருக்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காலத்தில் தமிழ் படிக்க வேண்டுமென்றால் எதையாவது நிறுவிக்கொண்டே இருக்க வேண்டும். "இந்த எழுத்துருவை நிறுவவா?" ஆம். "இந்த மென்பொருளை அனுமதிக்கவா?" ஆம். "இதை நம்புகிறீர்களா?" ஆம், ஆம். பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் வாசித்ததில்லை. வாசித்தால் தமிழ் வராது, அழுத்தினால் வரும். வெளிநாட்டில் தனியாக இருக்கிறவளுக்கு ஒரு பக்கம் தமிழ் என்பது சோறு மாதிரி. பசியில் இருக்கிறவள் பாத்திரத்தைச் சோதிப்பதில்லை. அந்தப் பெட்டிகளில் 'ஆம்' என்று அழுத்தும் பழக்கத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது தமிழின் மேல் இருந்த ஆசைதான்.

ஒரு நாள் நாவல்களை இலவசமாகப் படிக்கலாம் என்று ஒரு பக்கம் கண்ணில் பட்டது. ஒரு பெட்டி வந்தது. 'ஆம்' என்றேன். நாவல் வரவில்லை. உலாவியின் தலைமேல் புதிதாக ஒரு பட்டை வந்து உட்கார்ந்தது. அடுத்த நாள் இன்னொன்று. என் நேரம் முடிந்துவிட்டது, எழுந்து போய்விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து, எங்களில் மூத்தவரான ஒரு சேச்சியின் மின்னஞ்சல் கணக்கு திறக்கவில்லை. கடவுச்சொல்லை யாரோ மாற்றிவிட்டார்கள். அதற்குள் அவர் கணவர் மூன்று வருடமாக எழுதிய கடிதங்கள் இருந்தன. மகள் நடக்கத் தொடங்கியபோது எடுத்த படங்கள் இருந்தன. மகள் நடந்ததை சேச்சி பார்த்தது அந்தப் படங்களில் மட்டும்தான். அயர்லாந்து நேர்முகத்துக்கான கடிதமும் அந்தக் கணக்குக்கே வரவேண்டியிருந்தது. அது வந்ததும் தெரியாது, தேதி போனதும் தெரியாது. ஏஜென்சியிடம் ஃபோனில் பேசித்தான் விஷயம் தெரிந்தது. அந்த வருட வாய்ப்பு போய்விட்டது.

அன்று இரவு சேச்சி கணினி முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு கடவுச்சொல்லாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளின் பெயர், பிறந்த தேதி, மாதாவின் பெயர். நான் பின்னால் நின்றிருந்தேன். உலாவியின் தலைமேல் அந்தப் பட்டைகள் மூன்று வரிசையாக இருந்தன. நான் வாயைத் திறக்கவில்லை. நான் அழுத்திய அந்த 'ஆம்'தான் காரணமா என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியாது. இன்றுவரை தெரியாது. தெரியாது என்பதையே சாக்காக வைத்து இருபது வருடம் ஓட்டிவிட்டேன்.

இதிலிருந்து கொஞ்சம் விலகி, பெரிய இடங்களைப் பார்ப்போம். தனியாள் ஆசையால் தங்கினால், நிறுவனங்கள் வசதியால் தங்குகின்றன.

2010 ஜனவரி 12-ஆம் தேதி கூகிள் தன்மேல் நடந்த ஒரு பெரிய ஊடுருவலை அறிவித்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் அதுவரை அடைக்கப்படாத ஓர் ஓட்டை அதில் பயன்பட்டிருந்தது. சில நாட்களிலேயே ஜெர்மனியின் தகவல் பாதுகாப்பு அலுவலகம், ஓட்டை அடைபடும்வரை வேறு உலாவிக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று மக்களுக்கு அறிவுறுத்தியது. பிரான்ஸும் அப்படியே சொன்னது. ஜனவரி 21-இல் அவசரத் திருத்தம் வந்தது. வீட்டில் இருந்தவர்கள் மாறினார்கள். மாற முடியாமல் இருந்தவை அலுவலகங்களும் மருத்துவமனைகளும். உள்ளே பயன்படுத்தும் மென்பொருள்கள் அந்த உலாவியில்தான் ஓடும் என்று கட்டப்பட்டிருந்தன. பணி அட்டவணை ஒன்றில், இரத்தப் பரிசோதனை முடிவு இன்னொன்றில். தமிழ் எழுத்துருவுக்காக நாம் தங்கினோமே, அதே கதை. பயம் இருந்தது, போக வழி இல்லை. மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன் 15-ஆம் தேதி அந்த உலாவிக்கு ஓய்வு கொடுத்தது. தென்கொரியாவில் ஒரு பொறியாளர் அதற்குக் கல்லறைக்கல் வைத்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். செத்தபிறகும் அது முழுக்கப் போய்விடவில்லை. பழைய மென்பொருள்களுக்காக எட்ஜ் உலாவிக்குள் 'ஐ.ஈ. மோட்' என்று ஓர் அறை ஒதுக்கி, 2029 வரையாவது வைத்திருப்போம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

திரைகள் இல்லாமல் போனால் மருத்துவமனை என்ன ஆகும் என்பதை நியூசிலாந்து 2021-இல் பார்த்தது. ஆக்லாந்திலிருந்து நூற்றிருபது கிலோமீட்டர் சொச்சம் தெற்கே ஹாமில்டன். மே 18 அன்று வைகாட்டோ மாவட்ட சுகாதார வாரியத்தின் கணினிகள் பணயத் தாக்குதலில் முடங்கின. ஹாமில்டன், தேம்ஸ், டோகோரோவா, டெ கூயிட்டி, டௌமருநுயி என்று ஐந்து மருத்துவமனைகள். கணினியும் தொலைபேசியும் போயின. நர்ஸுகள் காகிதத்துக்கும் வெள்ளைப் பலகைக்கும் திரும்பினார்கள். அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின. கதிர்வீச்சு சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்த சிலரை வேறு ஊர்களுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. சில வாரங்களில், ஜூன் கடைசியில், திருடப்பட்ட நோயாளிகளின் தகவல்கள் இருண்ட இணையத்தில் கொட்டப்பட்டன.

அந்தத் தாக்குதலை உலாவியோடு முடிச்சுப்போட நான் இதைச் சொல்லவில்லை. எங்கள் தொழிலில் எல்லோருக்கும் அன்று ஒன்று புரிந்தது. வயர் பிடுங்கினால் மீண்டும் மாட்டலாம். வெளியே போன ரகசியத்தைத் திரும்ப உள்ளே வைக்க முடியாது. ஒரு நோயாளி என்னிடம், "என் மகனுக்குச் சொல்லிவிடாதே சிஸ்டர்" என்று சொல்லும் விஷயம் ஒரு கோப்பில் ஏறுகிறது. அந்தக் கோப்பைத் திறக்கும் கதவு, பெரும்பாலும், ஏதோ ஓர் உலாவி.

உங்கள் உலாவியிலும் அப்படித்தான். மார்பில் கட்டி தட்டுப்பட்ட பெண் முதலில் கணவரிடம் சொல்வதில்லை. டாக்டரிடமும் சொல்வதில்லை. இரவு எல்லோரும் தூங்கியபின் தேடிப் பார்க்கிறாள். நான் அவளைப் பார்ப்பது மூன்று மாதம் கழித்து. அவள் உலாவிக்கு மூன்று மாதம் முன்பே தெரியும். வேதத்தில் மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிப்பதைப் பற்றிச் சொல்லியிருக்கிறது. இன்று நாம் கதவைச் சாத்திக்கொண்டு போய் உட்காரும் இடம் அந்தத் தேடல் பெட்டி. அந்தக் கதவு சரியாகச் சாத்துகிறதா என்று பார்ப்பது அற்பக் கவலை இல்லை.

சரி, மாற்றலாமா? மாற்றலாம். ஆனால் மாற்றுவதால் எது கிடைக்கும், எது கிடைக்காது என்று தெரிந்து மாற்ற வேண்டும். நர்ஸிங்கில் முதல் வருடப் பாடம் ஒன்று உண்டு. கையுறை போட்டால் கை கழுவ வேண்டாம் என்று அர்த்தமில்லை. கழற்றும்போதே கையில் கிருமி ஒட்டும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டையும் இருக்கும். உலாவியை மாற்றுவது கையுறையை மாற்றுவது. கை கழுவுவது வேறு வேலை.

முதலில், பெயர் மாறினால் உள்ளே எல்லாம் மாறிவிடும் என்று நினைக்க வேண்டாம். குரோம், 2020-க்குப் பிறகு வந்த எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி இவற்றின் அடியில் ஓடுவது குரோமியம் என்ற ஒரே எஞ்சின். அதில் ஓட்டை விழுந்தால் எல்லாருக்கும் விழும். விளம்பரத்தைத் தடுப்பதிலும் பின்தொடர்வதைத் தடுப்பதிலும் இவற்றுக்குள் உண்மையான வித்தியாசம் உண்டு, அது வேறு. ஃபயர்பாக்ஸுக்கு வேறு எஞ்சின். சஃபாரிக்கு வேறு. நியூசிலாந்தில் ஐஃபோன் வைத்திருக்கிறவர்கள் எந்த உலாவியை இறக்கினாலும் அடியில் இருப்பது சஃபாரியின் எஞ்சின்தான்.

இரண்டாவது, அப்டேட். குரோமுக்கு 2023 ஆகஸ்டு முதல் பாதுகாப்புத் திருத்தங்கள் வாரந்தோறும் வருகின்றன. இறங்கிக்கொள்ளும், ஆனால் உலாவியை மூடித் திறந்தால்தான் நடைமுறைக்கு வரும். இங்கே எழுத்தாளர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அறுபது தாவல்களைத் திறந்துவைத்து, பிறகு படிக்கலாம் என்று மாதக்கணக்கில் மூடாமல் இருப்பது நமக்கெல்லாம் பொதுவான வியாதி. மருந்து வாங்கி மேசையில் வைத்துவிட்டுக் காய்ச்சல் இறங்கவில்லை என்று சொல்லும் நோயாளியைப் போல. மூடுங்கள். அந்தக் கட்டுரைகளை நீங்கள் படிக்கப் போவதில்லை.

மூன்றாவது, நீட்சிகள். தள்ளுபடி காட்ட ஒன்று, எழுத்துப்பிழை திருத்த ஒன்று, படத்தை இறக்க ஒன்று. நாம் பார்க்கும் பக்கத்தையெல்லாம் பார்க்கும் அனுமதி பெரும்பாலும் அவற்றுக்கு உண்டு. 2024 கிறிஸ்துமஸ் சமயத்தில் சைபர்ஹேவன் என்ற நிறுவனத்தின் குரோம் நீட்சி திருடர்கள் கையில் சிக்கியது. ஊழியர் ஒருவர் ஒரு போலி மின்னஞ்சலை நம்பி அனுமதி கொடுத்தார். உடனே கெட்ட பதிப்பு ஒன்று வெளியானது. அந்த நீட்சியை வைத்திருந்தவர்கள் ஏறத்தாழ நான்கு லட்சம் பேர். அது தரவுப் பாதுகாப்புக்காகவே இயங்கும் நிறுவனம். அவர்கள் வீட்டிலும் ஒருவர் 'ஆம்' என்று அழுத்தினார். இதைப் படித்தபோது அந்த ஊழியரை நினைத்துத்தான் எனக்கு மனம் கனத்தது.

நான்காவது, மறைமுகச் சாளரம், இன்காக்னிட்டோ. அது உங்கள் கணினியில் தடம் வைக்காது, அவ்வளவுதான். எதிர்முனையில் இருப்பவர்கள் பார்ப்பதை அது தடுக்காது. அதில் உலவியவர்களின் தகவலையும் சேகரித்ததாக அமெரிக்காவில் 2020-இல் போடப்பட்ட வழக்கில், கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க 2024-இல் கூகிள் ஒத்துக்கொண்டது. வீட்டில் பார்த்துவிடாமல் இருக்க அது உதவும். மற்றபடி அது திரைச்சீலை, சுவர் இல்லை.

மாறுகிறவர்கள் செய்ய மறப்பது ஒன்று உண்டு. புது வீட்டுக்குப் போகும்போது பழைய வீட்டின் சாவியை வாசலில் விட்டுவிட்டுப் போவது. புது உலாவி எல்லாவற்றையும் அழகாக நகல் எடுத்துக்கொள்ளும். பழையதில் கடவுச்சொற்கள் அப்படியே கிடக்கும். அந்தப் பழையதை நாம் திறப்பதும் இல்லை, புதுப்பிப்பதும் இல்லை. போய் அழியுங்கள். கணக்கிலிருந்து வெளியேறுங்கள். முக்கியமான கணக்குகளுக்கு இரண்டாவது பூட்டுப் போடுங்கள். வேலை செய்யும் இடத்துக் கணினியில் "கடவுச்சொல்லை நினைவில் வைக்கவா?" என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தப் பெட்டியை வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

இந்த வருடம் ஜனவரியில் ஓர் இரவு மூன்றரை மணிக்கு அம்மா ஊரிலிருந்து ஃபோன் செய்தாள். அங்கே இரவு எட்டு மணி. அந்த நேரத்தில் ஊரிலிருந்து ஃபோன் வந்தால் வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு நெஞ்சு நின்றுவிடும், உங்களுக்குத் தெரியும். எடுத்தால் அம்மா மெல்லிய குரலில் பேசினாள், பக்கத்தில் யாரோ நிற்பது போல. "ஏ மக்கா, கம்ப்யூட்டர்ல வைரஸ் வந்துட்டாம். செவப்பா எழுத்து வருது, சத்தம் போடுது. ஒரு நம்பர் குடுத்திருக்கான், கூப்பிடணுமாம். நான் என்னமும் தப்பா அமுக்கிட்டேனோ?"

"கூப்பிட்டியாம்மா?"

"இல்ல. ஒன்கிட்ட கேக்காம எப்பிடி?"

மின்சுவிட்சை அணைக்கச் சொன்னேன். அணைத்தாள். அது வைரஸே இல்லை, பயமுறுத்தி நம்பருக்குக் கூப்பிட வைக்கிற ஒரு பக்கம். அடுத்த விடுமுறையில் போய் அம்மாவின் உலாவியை மாற்றினேன், விளம்பரத் தடுப்பான் போட்டேன், தேவையில்லாத நீட்சிகளை எடுத்தேன். ஆனால் அன்று அம்மாவைக் காப்பாற்றியது எந்த உலாவியும் இல்லை. "நான் என்னமும் தப்பா அமுக்கிட்டேனோ" என்று என்னிடம் கேட்க அவளுக்கு வெட்கம் இல்லாமல் இருந்ததுதான். நான் அந்த வார்த்தையை 2004-இல் சேச்சியிடம் சொல்லியிருந்தால், இன்னும் யாருடைய கணக்கும் போவதற்குள் பதினொரு பேரும் கடவுச்சொல்லை மாற்றியிருக்கலாம். அந்தக் கணினியைத் துடைத்திருக்கலாம். கட்டியை மூன்று மாதம் மறைத்த பெண்களிடம், "ஏம்மா முன்னாடியே வரல?" என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

ஊரிலிருந்து திரும்பி வந்ததும் சேச்சிக்கு ஃபோன் செய்தேன். இப்போது அவர் அயர்லாந்தில்தான் இருக்கிறார், ஒரு வருடம் தாமதமாகப் போனார். மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. எல்லா நலமும் விசாரித்தபின் சொன்னேன். நாவல் பக்கம், பெட்டி, பட்டை, பின்னால் நின்றது, எல்லாம்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சேச்சி சொன்னார், "மோளே, அந்த பட்டையில ஒண்ணு நான் போட்டது. பாட்டு இறக்கறதுக்கு. என்னாலதான் எல்லாருக்கும் ஆபத்துன்னு பயந்து நானும் மிண்டாம இருந்தேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். எனக்கு அழுகையும் வந்தது. படங்கள் என்ன ஆயின என்று கேட்டேன். "போனது போயி" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்று நான் இதை முடித்து வைக்க விரும்பவில்லை. அந்தக் குழந்தை நடக்கத் தொடங்கிய படம் உலகத்தில் இல்லை, அவ்வளவுதான்.

அந்தப் பெரியவர் இன்றைக்கும் இணைந்திருக்கிறார் என்று நினைக்கிறேன். ஐயா, உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். மாற்றினால் தமிழ் தெரியும். கொம்பும் காலும் சேர்ந்தே வரும். முகம் தெரியாத பலர் இருபது வருடம் உழைத்து அதைச் சரிசெய்துவிட்டார்கள். ஆகவே தமிழுக்காகப் பாதுகாப்பில்லாத இடத்தில் தங்க வேண்டிய காலம் முடிந்துவிட்டது. தைரியமாக மாறுங்கள். மகன் பக்கத்தில் இருக்கும்போது மாற்றுங்கள், பழையதில் இருப்பதை அழிக்கச் சொல்லுங்கள். ஏதாவது பெட்டி வந்தால் அழுத்துவதற்கு முன்னால் ஒரு முறை வாசியுங்கள். தவறிப்போய் அழுத்திவிட்டால், அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். வீட்டில் சொல்லக் கூச்சமாக இருந்தால் இந்த அமர்வில் சொல்லுங்கள். இங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள்.